பெர்சியாள் அக்காவின் சாட்சி

பெர்சியாள் அக்கா யாரோடு பேசினாலும் எதிரில் இருப்பவரின் வாயைத்தான் பார்ப்பார், கண்ணைப் பார்க்க மாட்டார். சிங்காநல்லூரில் எங்கள் வளவுக்குள் குடியிருந்த யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. மில் வேலைக்குப் போன பெண்கள் அப்படித்தான் என்பார்கள். நூல் சுற்றும் மிசின்கள் வரிசையாக ஓடும் கொட்டகையில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். மாமியார் சண்டையும் மகள் கல்யாணமும் மேஸ்திரி எந்தப் பக்கமாக வருகிறார் என்ற செய்தியும் உதட்டிலேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும்.

நான் பல வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 1995 கடைசியில் திரும்பி வந்தபோது, அக்காவின் பார்வை எனக்கு மட்டும் உறுத்தியது. மொழி தெரியாத இடங்களில் நானும் வாயைப் பார்த்தே நாட்களை ஓட்டியவள். பாதி புரிந்தும் முழுதும் புரிந்த மாதிரித் தலையாட்டியவள். அக்காவின் தலையாட்டல் அந்த ஜாதி. ஆனால் அதை எப்படிச் சொல்வது? பெர்சியாள் அக்கா ஊரறியக் காது திறந்தவர். ஆண்டவர் தன்னைச் சுகமாக்கினார் என்று கிறிஸ்தவ சபையில் எழுந்து சாட்சி சொன்னவர்.

அவர் பிறந்தது வால்பாறையில், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். பதினெட்டு வயதில் தீத்து அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். அண்ணன் மோட்டார் பட்டறையில் வேலை. அக்கா மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில். காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் கொசு ரீங்காரம் போனது, பிறகு கொதிக்கும் உலையின் சத்தம், பிறகு முதுகுக்குப் பின்னால் கூப்பிடுகிற குரல்கள். வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. தீத்து அண்ணனிடமே சொல்லவில்லை. அவருக்கு அது தானாகத் தெரிந்தபோது கேலியாக்கிவிட்டார்.

"என்ற ஊட்டுக்காரிக்கு நாஞ் சொல்றது மட்டுந்தானுங்க கேக்காது. பக்கத்தூட்டுல கறி வேகறது கேக்கும்" என்பார். வளவே சிரிக்கும். அக்காவும் சிரிப்பார், எதற்கென்று தெரியாமலே சில சமயம்.

சபைக் கோயிலில்தான் அவருக்குச் சிரிப்பு வராது. குருடர், செவிடர், முடவர் என்று வேதத்தில் வாசிக்கும்போதெல்லாம் வாசிப்பவரின் உதட்டில் அந்தச் சொல் வருவது அவருக்குத் தெரிந்துவிடும். தலையைக் குனிந்துகொள்வார். எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றும். எந்தப் பாவத்துக்கு இது என்று பல ஞாயிற்றுக்கிழமைகள் யோசித்திருக்கிறார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததையே ஒரு பாவமாக நினைத்துக்கொண்டார்.

மில் மூடின அடுத்த வருஷம் கோடையில், ஒரு மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து பிரசங்கியார் ஒருவர் வந்திருந்தார். சபைப் பெண்கள் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேடையில் ஏற்றினார்கள். ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த ஒலிபெருக்கிப் பெட்டிகளின் ஓரத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. பிரசங்கியார் தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு, அக்காவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "அம்மா, கேக்குதா?" என்றார்.

"அந்தப் பொட்டிச் சத்தம் நெஞ்செலும்புல வந்து இடிச்சுது அம்மணி" என்று அக்கா பின்னால் என்னிடம் சொன்னார். "அவரு வாயி 'கேக்குதா'ங்குது. எனக்குள்ளயும் 'கேக்குதா'ன்னு எழும்புது. காதுல வந்துச்சா, கண்ணுல வந்துச்சான்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியலை. கேக்குதுங்கன்னு கத்திப்போட்டேன். இன்னைக்கும் அதெப் பொய்யின்னு சொல்ல மாட்டேன்."

காதால் கேட்பதும் கண்ணால் கேட்பதும் அவருக்குள் வெகு காலமாக ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தன. மில்லுக்குள் போகாத ஒரு செவிடருக்கு அந்தத் தவறு நேர்ந்திருக்காது.

மறுநாள் காலை குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்பதற்காகவே அக்கா அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். அவ்வளவு ஆசை. குடம் நிறைந்து, வழிந்து, ஈரம் அவர் காலைத் தொட்டபோதுதான் தெரிந்தது. சிறுவாணித் தண்ணீரை வீணாக்கியதற்காக வரிசையில் நின்றவர்கள் திட்டியிருக்கிறார்கள். திரும்பி நின்றதால் அதுவும் தெரியவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் ஆண்டவர் கொடுத்ததை ஒரே இரவில் தொலைத்தவள் என்றுதானே சொல்வார்கள்? கொடுத்தவர்மேல் குறை இருக்க முடியாது. அப்படியானால் விசுவாசத்தில் குறை, தன்னிடம் குறை. அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் எசேக்கியல் முகமெல்லாம் மலர்ந்து அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது எழுந்து போய்ச் சொல்லிவிட்டார். பிறகு மற்ற சபைகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் சொல்லச் சொல்ல, குருவிச் சத்தம் கேட்கிறது, பேரப்பிள்ளை சிணுங்குவது கேட்கிறது என்று தானாக ஒன்றிரண்டு சேர்ந்துகொண்டது. உதடு படிக்கும் திறமை எல்லாவற்றையும் மூடி மறைத்தது. 

இப்படியே அவர் காலம் போயிருக்கும், பக்கத்து வீட்டுப் புவனா அந்தச் சாட்சியை நம்பாமல் இருந்திருந்தால்.

புவனாவின் மகள் சௌமியாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அஞ்சு வயது. டவுனில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். காது மிசின் என்று நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டியும் அதிலிருந்து இரண்டு காதுக்கும் ஒயருமாக அந்தக் குழந்தை பஸ் ஏறிப் போகும். "அம்மா" என்று சொல்லத் தொடங்கியிருந்தது. "பூ" வந்திருந்தது. "பாப்பா" பாதி வந்திருந்தது.

புவனா கிறிஸ்தவர் இல்லை. ஆனால் அக்கா சுகமானதைக் கேட்டபின் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார். அங்கே யாரோ ஒருவர், "சொகம் வேணுமுன்னு கேட்டுப்போட்டு மிசினையும் மாட்டியிருந்தா, நீங்க யாரெ நம்பறீங்கன்னு ஆண்டவருக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மிசினைக் கழற்றித் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார் புவனா. பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. நான் ஊர் திரும்பியபோது அப்படியே நாலு மாதம் ஓடியிருந்தது. குழந்தைக்குப் "பூ" போய்விட்டது. "அம்மா"வும் தேயத் தொடங்கியிருந்தது.

திங்கட்கிழமைக்குள் பிள்ளையை மிசினோடு கூட்டி வராவிட்டால் இடத்தை வேறு குழந்தைக்குக் கொடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். புவனா நேராக அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"ஏனுங்கக்கா, நீங்க ஒரு எட்டு வந்து டீச்சர்கிட்டச் சொல்லுங்க. மிசினு இல்லாமயே கேட்டுதுன்னு. நாஞ் சொன்னா என்னெப் பைத்தியக்காரிம்பாங்க. நீங்கதானுங்க சாட்சி."

அக்கா புவனாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சொல் முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரேன் கண்ணு" என்றார்.

"நீயும் வாம்மா. நாலு எடம் போய் வந்தவ. டீச்சர் இங்கிலீசுல ஏதாச்சும் கேட்டா?" என்று புவனா என்னையும் சேர்த்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் எங்களைப் பார்த்தது வள்ளியாத்தாள் டீச்சர். நாற்பத்தைந்து வயதிருக்கும். சௌமியா ஓடிப் போய் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் குழந்தையின் வெறும் காதுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் எங்களை உட்காரச் சொன்னார். அக்கா சாட்சியைச் சொன்னார். பல முறை சொல்லிப் பழகிய சாட்சி, ஆனால் அன்றைக்கு இடையிடையே அறுந்தது. குருவியையும் பேரப்பிள்ளையையும் விட்டுவிட்டார்.

டீச்சர் கேட்டுக்கொண்டே எழுந்து சன்னலைச் சாத்தப் போய், முதுகைக் காட்டியபடி, "கொஞ்சம் தண்ணி குடிக்கறீங்களாம்மா?" என்றார். அக்கா பதில் சொல்லவில்லை. "அக்கா களைச்சுப் போயிட்டாங்க" என்றார் புவனா. டீச்சர் திரும்பி அக்காவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வரும்படி கையால் காட்டி, அவரை மட்டும் தாழ்வாரத்தின் கடைசிக்கு அழைத்துப் போனார்.

சௌமியாவுக்குத் தண்ணீர் கொடுக்க நான் அந்தப் பக்கம்தான் நின்றேன். டீச்சரின் உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். டீச்சரிடமிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

"மில்லுல வைண்டிங்குல இருந்தேனுங்க. இப்ப மூடிட்டாங்க" என்றார் அக்கா, உரத்த குரலில்.

சொல்லி முடித்ததும்தான் அவருக்குப் புரிந்தது. கை தானாக வாயைப் பொத்தியது. பிறகு என்னைப் பார்த்தார். நான் பார்த்துவிட்டதைப் பார்த்தார். ஒரு மனுஷியின் முகத்தில் அவ்வளவு வெட்கத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த இடத்தில் நின்றதற்காக எனக்கே கூசியது. குழந்தையின் டம்ளரைக் குனிந்து கழுவத் தொடங்கினேன்.

"எங்கம்மாவும் மில்லுதானுங்க" என்றார் டீச்சர், இப்போது குரலோடு. "எங்கூட்டுலயும் இப்பிடித்தான் பேசுவோம். உங்களெ எல்லார்த்துக்கும் முன்னால நிறுத்தறதுக்கு நான் கூப்பிடலைங்க. ஆனா இந்தப் புள்ளைக்குப் பேச்சு வர்ற வயசு இது. இதெ உட்டா அப்புறம் நாங்க என்ன பண்ணியும் வராது. புவனாகிட்ட நாஞ் சொல்லட்டுங்களா?"

அக்கா வேண்டாமென்று தலையை ஆட்டினார். "நானே சொல்றேனுங்க."

திருச்சி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். அக்காவின் சாட்சியை டீச்சர் ஏற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்து, புவனா நம்பிக்கையோடு இருந்தார். சிங்காநல்லூர் பஸ் வந்தது. அக்கா ஏறவில்லை.

"புவனா, எனக்குக் கேக்காது கண்ணு."

புவனா சிரித்தார். "என்னங்கக்கா இது வெளையாட்டு? இப்பப் பேசிட்டுத்தானுங்க இருக்கறோம்?"

"நான் அக்கட்டால திரும்பிக்கறேன். எதாச்சும் சொல்லு."

அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்து நின்றார்.

"அக்கா" என்றார் புவனா. சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. "ஏனுங்கக்கா." பிறகு சற்று உரக்க, "பெர்சியாக்கா!" அதன் பிறகு தொண்டை கிழிய, "பெர்சியாக்கா!"

பஸ்ஸுக்கு நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். அக்கா மட்டும் திரும்பவில்லை. பேச ஆரம்பித்தார்களா இல்லையா என்று தெரியாமல், தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

நான்தான் போய் அவர் கையைத் தொட்டேன்.

புவனா அழவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அக்காவின் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லும் நன்றாகத் தெரியும்படி சொன்னார்: "என்ற புள்ள அம்மான்னு கூப்பிட்டுட்டு இருந்துச்சுங்க."

"என்ன பண்ணுனா சரியாகும் கண்ணு? நீயே சொல்லு."

"எனக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். சபையில சொன்னீங்கள்ல, சபையிலயே போய்ச் சொல்லுங்க. உங்க பேச்சைக் கேட்டு இன்னும் எத்தனெ பேரு புள்ளையோட மிசினைக் கழட்டி வெச்சிருக்காங்களோ."

அடுத்த பஸ்ஸில் புவனா முன்னால் போய் உட்கார்ந்தார். அக்கா பின்னால். நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தீத்து அண்ணனிடம் அன்று மாலையே சொன்னார். அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "அப்ப நானு இத்தனை நாளும் முதுகுக்குப் பின்னால திட்டாம அடக்கி வெச்சதெல்லாம் தண்டமா?" என்றார். அக்கா சிரிக்கவில்லை. அண்ணனும் அதற்கு மேல் கேலி செய்யவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஊரெல்லாம் பெருமை பேசியிருந்தவர். பட்டறையில் எந்த முகத்தோடு நிற்பது?

போதகர் வீட்டுக்கு அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தனியாகப் போனால் பாதியில் திரும்பிவிடுவேன் என்றார். போதகர் எசேக்கியல் நல்ல மனுஷர். கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சபைப் பத்திரிகையில் அக்காவின் பெயரைப் போட்டு எழுதியவர் அவர்தான்.

"அம்மா, எங்கிட்டச் சொல்லிட்டீங்க. ஆண்டவர்கிட்டயும் சொல்லிட்டீங்க. போதுங்களே. சபையில சொன்னா எளிய ஜனங்களோட விசுவாசம் ஆட்டங்கண்டு போகுமே."

அக்கா மடியில் கையைக் கோத்து வைத்திருந்தார். "வேதத்துல அந்தப் பெரும்பாடு பொம்பளெ இருக்காளுங்களே. ஆண்டவரோட வஸ்திரத்தெத் தொட்டதும் ரத்தப்போக்கு நின்னுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. கம்முனு கூட்டத்தோட கூட்டமா ஊட்டுக்குப் போயிருக்கலாம். அவரு போக உடலைங்களே. யாரு தொட்டதுன்னு நின்னுட்டாரு. அவ நடுங்கிட்டே வந்து, இருக்கறதெ இருக்கறபடி சொன்ன பெறகுதானுங்க, சமாதானமாப் போன்னாரு. சொகமானவளுக்கே அப்பிடி. எனக்குச் சொகமே ஆகலைங்க. நான் எப்பிடிச் சொல்லாம சமாதானமாப் போறது?"

போதகர் மேசைமேல் கிடந்த வேதாகமத்தை எடுத்து, அந்தப் பகுதியைத் தேடியபடி பக்கங்களைத் தள்ளினார். அதைத் தாண்டிப் போய் வேறொரு இடத்தில் நின்றுவிட்டார். காது கேளாமலும் பேச்சுத் திக்கியும் இருந்த ஒருவனை ஆண்டவரிடம் கொண்டு வருகிறார்கள். அவர் முதலில் செய்வது, அவனை ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் போவது. அதன் பிறகுதான் அவன் காதைத் தொடுகிறார். போதகர் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்தபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"வருசா வருசம் இதெ வெச்சுப் பிரசங்கம் பண்ணியிருக்கறேன். உங்களெ மேடையில ஏத்துனப்ப கீழ நின்னு கை தட்டுனேன்" என்றார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னதால், அது அவருக்குப் போய்ச் சேரவில்லை. போதகருக்கு அது புரிந்தது. நிமிர்ந்து மறுபடியும் சொன்னார். இரண்டாம் முறை சொல்வது அவருக்கு இன்னும் கடினமாக இருந்தது.

திங்கட்கிழமை சௌமியா மிசினை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். கூடப் படித்த பிள்ளைகள் முன்னே போயிருந்ததால், அவளைப் புதுப் பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள். புவனா அக்காவைத் தாண்டிப் போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாட்சி நேரத்தில் அக்கா எழுந்தார். நான் பெண்கள் பக்கத்தில் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். தீத்து அண்ணன் ஆண்கள் பக்கத்தில், தூண் மறைவில். தன் குரலின் அளவு அக்காவுக்குத் தெரியாது. மைக்கில் கத்திவிட்டார்.

"எனக்குக் காது கேக்காதுங்க. அன்னைக்கு ஒரு நிமிசம் கேட்டாப்பல இருந்துச்சு. அடுத்த நாளே இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் இங்க நின்னு பொய் சொன்னேனுங்க. குருவி கேக்குதுன்னதும் பொய். என்னெ நம்பி ஒரு கொழந்தையோட காது மிசினைக் கழட்டிட்டாங்க. யாராச்சும் அப்பிடிக் கழட்டியிருந்தா, இன்னைக்கே மாட்டி உடுங்க. ஆண்டவர்மேல குத்தமில்லைங்க. நாஞ் சொன்னதுதான் குத்தம்."

சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார். கோயிலில் பேச்சு எழும்பியது. ஒரு பெண் "அட பாவி" என்றார். ஒருவர் "வெக்கங்கெட்டவ" என்றார். எனக்கு முன்னால் இருந்த கிழவர் நிதானமாக "ஆமென்" என்றார். நிமிர்ந்து பார்த்திருந்தால் அக்கா அத்தனை உதடுகளையும் படித்திருப்பார். அவர் நிமிரவில்லை. எனக்குக் கேட்டதை நானும் அவரிடம் சொன்னதில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் கூடி நின்று பேசினார்கள். அக்கா செருப்பைத் தேடுகிறவர் போலக் குனிந்தே நின்றார். போதகர் வந்து எதிரில் நின்று, அவர் தலை நிமிரும்வரை காத்திருந்து, "ஜெபிக்கட்டுங்களாம்மா?" என்று கேட்டார்.

அக்கா சுற்றிலும் இருந்த ஜனங்களைப் பார்த்தார். போதகர் புரிந்துகொண்டார். கோயிலுக்குப் பின்பக்கம், சைக்கிள் நிறுத்தும் கொட்டகையைத் தாண்டி, சுவரோரமாக நடந்தார். அக்கா அவர் பின்னால் போனார். தீத்து அண்ணன் கொட்டகை வரைக்கும் வந்து நின்றுவிட்டார். நானும் அவர் பக்கத்தில் நின்றேன்.

ஜெபத்தின்போது அக்கா ஒருநாளும் கண்ணை மூடியதில்லை என்று அண்ணன்தான் சொன்னார். "எப்ப ஆமென் சொல்றதுன்னு பாத்துட்டே இருப்பாம்மா. எல்லாரும் கும்புட்டுட்டு இருப்பாங்க. இவ ஒருத்தி முழிச்சுட்டு நிப்பா."

அன்றைக்குப் போதகர் ஜெபிக்கத் தொடங்கியதும் அக்கா அவர் வாயைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். போதகர் என்ன வேண்டிக்கொண்டார் என்று அவருக்குத் தெரியாது. தூரத்தில் நின்ற எங்களுக்கும் தெரியாது. நீண்ட ஜெபம் இல்லை. முடித்துவிட்டு போதகர் கண் திறந்தார். அக்கா திறக்கவில்லை.

தோளைத் தொட்டு முடிந்துவிட்டதென்று சொல்லியிருக்கலாம். போதகர் தொடவில்லை. வெயில் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. அவரும் அங்கேயே, கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து நின்றார்.